புதுப்பிப்பு: அலைன்மென்ட்டுக்குப் பிறகும் வலப்பக்கம் இழுத்த பிக்கப்

வீல் அலைன்மென்ட் செய்த பிறகும் என் பிக்கப் வலப்பக்கம் இழுக்கிறது, அளவுத்தாளில் சக்கரங்களின் கோண அளவுகளான கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் வரம்புக்குள்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது: முன் வலது பிரேக்.

பலரும் சொன்னபடி முதலில் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு டயரின் உட்கட்டமைப்பில் இருந்திருந்தால் இழுப்பு இடப்பக்கம் திரும்பியிருக்கும். திரும்பவில்லை. (உங்கள் டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் இந்தச் சோதனையை இப்படியே செய்யாதீர்கள்.)

அடுத்து, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, புறங்கையை ரிம் அருகே கொண்டுபோனேன். இடப்பக்கம் இளஞ்சூடு. வலப்பக்கம் கை வைத்திருக்க முடியாத அனல்! ஜாக்கில் தூக்கிச் சுற்றியபோது இடச்சக்கரம் தாராளமாகச் சுழன்றது. வலது முரண்டு பிடித்தது. பிரேக் பேட்களை வட்டில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றினால், அது நகர்வதற்கான பின் (வழிகாட்டிக் கம்பி) ஒன்று துருவேறி இறுகியிருந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. உள்பக்க பேட் வெளிப்பக்க பேடைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தது.

அலைன்மென்ட் இயந்திரம் சக்கரங்களின் கோணங்களை மட்டுமே அளக்கும். பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே அளவுத்தாளைக் காட்டி "எல்லாம் சரி" என்று அனுப்பிவைத்தால் ஏற்காதீர்கள். வெப்பத்தைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

காலிப்பர் பின், உறை, இருபக்க பேட்கள் எல்லாம் மாற்றியாயிற்று. வண்டி இப்போது நேராகப் போகிறது. சாலை சரிந்த பக்கம் லேசாக ஒதுங்குகிறது, அது இயல்புதான்.