இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறினால்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நிற்பது 1971ஆம் ஆண்டு மினி 1000 கார். அப்பா வாங்கிய வண்டி, ஸ்ரீ இலக்கத் தகடு. டாஷ்போர்டின் நடுவில் நீள்வட்டமாக மூன்று மீற்றர்கள். மைல் மீற்றருக்கு உள்ளேயே பெற்றோல் முள், பக்கத்துக்கு ஒன்றாக ஒயிலும் டெம்பரேச்சரும்.

2022 ஜூலையில், பெற்றோல் தட்டுப்பாட்டுக்குள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். அந்தக் காலத்தில் பெற்றோல் முள் பொய் சொன்னால் என்ன பாடு என்று அப்போது வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கத் தொடங்கியிருந்தது. கராஜில் தெர்மோஸ்டாட்டை மாற்றி, ரேடியேற்றரையும் கழுவித் தந்தார்கள். முள் இறங்கவில்லை. ஆனால் தண்ணீர் கொதிக்கவில்லை, குறையவும் இல்லை, என்ஜின் இழுவையிலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்புறம் ஒரு மாலை பம்பலப்பிட்டியில், காலி வீதி நெரிசலுக்குள் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பெற்றோல் முள் கால்வாசியில் நிற்கிறது. தாங்கி மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. அம்மா பின் சீற்றில் இருந்தார். தள்ளி ஓரமாக்கிவிட்டு ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த முறை 20 லீற்றர் அடித்தபோது முள் முழு அளவையும் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. இந்த மினியின் தாங்கி 25 லீற்றர். வெறும் தாங்கிக்கு 20 ஊற்றினால் முக்காலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்ட பிறகுதான் கொட்டாஞ்சேனையில் வயரிங் வேலை செய்யும் ஓர் ஐயாவிடம் கொண்டுபோனேன்.

பொனட்டைத் திறக்கும் முன்பே கேட்டார். "தம்பி, ரெண்டு முள்ளும் ஒண்டாத்தான் ஏறுதா?"

"ஓம் ஐயா."

"ஒயில் முள்?"

"அது சரியா நிக்குது."

"அது குழாய்ல ஓடுறது, கரண்ட் இல்ல. அப்ப தாங்கியிலயும் தேட வேணாம், ரேடியேற்றரிலயும் தேட வேணாம். மற்ற ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கெண்டு பாப்பம்."

பொதுவாக இருந்தது மீற்றரின் முதுகில் பூட்டியிருக்கும் ஒரு சின்னத் தகரப் பெட்டி, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே சூடானால் வளையும் ஓர் இரட்டை உலோகத் தகடும், அதைச் சுற்றி ஒரு சூட்டுக் கம்பியும். தகடு வளைந்து தொடுப்பை விடும், ஆறியதும் மறுபடி தொடும். இப்படி விட்டு விட்டுக் கொடுப்பதால் மீற்றர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட்தான் போய்ச் சேரும். பற்றரி 12இல் இருந்தாலும், என்ஜின் ஓடி 14 பக்கம் ஏறினாலும், முள் அசையாமல் நிற்பது இதனால்தான்.

அந்தச் சூட்டுக் கம்பிக்கு ஏர்த் வேண்டும், அதாவது கரண்ட் வண்டியின் பொடி (உலோக உடல்) வழியாகத் திரும்பிப் போக ஒரு தொடுப்பு. பெட்டியைப் பூட்டும் திருகாணிதான் அந்த ஏர்த். ஐயா ஒரு சோதனை பல்பின் ஒரு முனையை பொடியிலும் மறு முனையை ஸ்டெபிலைசரிலிருந்து மீற்றருக்குக் கரண்ட் போகும் முனையிலும் வைத்தார். நல்ல ஸ்டெபிலைசர் என்றால் பல்ப் மினுக்கி மினுக்கி எரிய வேண்டும். எங்களுடையது அசையாமல் எரிந்தது. கம்பி சூடாகவே இல்லை, தொடுப்பு விடவே இல்லை, முழு வோல்டேஜும் நேராக மீற்றருக்குப் போகிறது. பிறகு பெட்டியின் தகரத்திலிருந்து பொடிக்கு ஒரு துண்டு வயரைப் பிடித்தார். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முள்ளும், யாரோ விரலால் மெல்ல அழுத்துவது போல, சேர்ந்தே இறங்கின. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

திருகாணிக்கு அடியில் துரு. கடற்கரைப் பக்க வீடு, உப்புக் காற்று. சேன்ட் பேப்பரால் தேய்த்து இறுக்கினார், பாதுகாப்புக்கு ஒரு தனி ஏர்த் வயரும் போட்டார். தெர்மோஸ்டாட்டுக்குக் கொடுத்த காசில் சிறு பங்குதான் கேட்டார். கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

இதற்குத் தெஹிவளையிலிருந்து இன்னொருவரின் பதில்:

அண்ணா, என்னுடையது 1958 மொரிஸ் மைனர். அந்த வயது வண்டிகளில் ஸ்டெபிலைசரே கிடையாது. சாவி போட்டதும் முள் துள்ளிப் போய் நின்றால் அது பழைய காந்த வகை, மெல்ல மெல்ல ஏறினால் உங்கள் மினியில் உள்ள சூட்டு வகை, அதில் மீற்றருக்குள்ளும் சூட்டில் வளையும் தகடுதான் முள்ளை நகர்த்தும். இதை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சோதனை தலைகீழ். உங்கள் மினியில் தாங்கி வயரைக் கழற்றினால் முள் வெறுமைக்கு விழும், என் மைனரில் முழுமைக்கு ஏறும்.

எனக்கு முள் எப்போதும் முழுமையில்தான். தாங்கியைக் கழற்றித் துரு சுரண்டி, ஆசையாகப் பெயின்ட் அடித்துப் பூட்டிய மறுநாளே தொடங்கியது. தாங்கிக்கும் பொடிக்கும் நடுவில் பெயின்ட் இருந்தால் ஏர்த் எங்கே போகும்? ஒரு போல்ட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டினேன், சரி. ஒன்று மட்டும் கவனம்: தாங்கிப் பக்கம் வயர் கழற்றுவதென்றால் முதலில் பற்றரியைக் கழற்றிவிட்டு, டிக்கியைத் திறந்து காற்றுப் பட விடுங்கள். பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

மருதானையிலிருந்து வேறொருவர்:

ஸ்டெபிலைசரே செத்துப்போய் இரண்டு முள்ளும் எழும்பாத வண்டி ஒன்று எனக்குக் கிடைத்தது. வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடிக் கிடைத்த பழைய ஸ்டெபிலைசரும் அதே நிலை. கடைசியில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 7810 என்ற மூன்று கால் ஐசி (சின்ன மின்னணுப் பாகம்) வாங்கி, பழைய பெட்டியின் உள்ளேயே வைத்துவிட்டேன். அது 10 வோல்ட்டைச் சீராகக் கொடுக்கும். பற்றரியின் நெகட்டிவ் முனையைப் பொடியில் பூட்டிய நெகட்டிவ் ஏர்த் வண்டிக்கு மட்டும்தான் அது சரி. பொசிட்டிவ் ஏர்த் வண்டிக்குப் போட வேண்டாம். மீற்றர் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் இரண்டு முனைக்கும் 12 வோல்ட்டை நேரே கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் எரிந்துவிடும்.

மறுபடி வெள்ளவத்தையிலிருந்து:

தம்பி, 7810 விஷயத்தை ஐயாவிடமும் கேட்டேன். எங்களுடைய பழைய பெட்டி நன்றாக மினுக்குகிறது, அது போகும் வரை விடச் சொன்னார். துரு தேய்த்த கிழமையே வண்டி திரும்ப ஓய்ந்து நிற்கும்வரை ஓட்டி, கேனில் கொண்டுபோன 5 லீற்றரை ஊற்றிப் பார்த்தேன். முள் கால்வாசிக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்த இடத்தில் கண்ணாடி மேல் மார்க்கர் பேனையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.