தேவ அழைப்புக்குள் ‘நான்’ எங்கே நுழைகிறது? கண்ணில் பட்டதை எழுதுங்கள்

கடைசிவரிசை:
முன்னுரை வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். சபையில் சாட்சி நேரம், தேவன் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து சொல்வது. கொடுத்தது ஐந்து நிமிஷம், போனது பதினாலு. மனந்திரும்பினது, அழைப்பு கிடைத்தது, வேலையை விட்டது, எதிர்ப்பு வந்தது, எல்லாவற்றையும் ஜெயித்தது. கடைசியில் “சகல மகிமையும் கர்த்தருக்கே” என்று சொல்லி உட்கார்ந்தார். அந்த ஒரு வரிதான் இன்னமும் உறுத்துகிறது. அதற்கு முன்னால் போன பதிமூன்றரை நிமிஷத்தில் கர்த்தர் என்ன செய்தார் என்று கேட்டால் அந்த ஹாலில் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. மனுஷன் பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார்.

சாட்சியை எழுதி வைத்துக்கொண்டு சரிபார்க்கிறவர்கள் “நான்” எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவார்கள். தமிழில் அது உதவாது. எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசுகிற மொழி நம்முடையது. வினைமுற்றை எண்ணுங்கள். லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமை: மதப்பற்றுள்ள பரிசேயன், வரி வசூலிக்கிற ஆயக்காரன், இருவரும் ஜெபிக்கிறார்கள். பரிசேயனின் ஜெபத்தில் ஒரே ஒரு “நான்” தான். ஆனால் ஸ்தோத்திரிக்கிறேன், உபவாசிக்கிறேன், செலுத்தி வருகிறேன் என்று மூன்று “ஏன்” விகுதி. அதுவும் ஸ்தோத்திர ஜெபம்! ஆயக்காரன் சொன்னது “பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்”. அதில் “ஏன்” என்று முடிகிற வினை ஒன்றுகூட இல்லை. செய்ய வேண்டியவர் தேவன் மட்டும்.

எழுதின தாளில் “ஏன்” முடிவுக்கெல்லாம் கோடு, கர்த்தர் செய்தார், கொடுத்தார் என்கிற “ஆர்” முடிவுக்கெல்லாம் வட்டம். வட்டத்தைவிடக் கோடு அதிகமானால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

ஒலிபெருக்கிக்காரர்:
பிரதர், உங்கள் வட்டத்தை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. “கர்த்தர் என்னை வல்லமையாய்ப் பயன்படுத்தினார்.” “தேவன் என்னைக்கொண்டு பெரிய காரியம் செய்தார்.” “ஆர்” விகுதிதான், வட்டம் போட்டுவிடுவீர்கள். ஆனால் கண் போவது எங்கே? “என்னை”யில். ஆகவே “என்னை, என்னைக்கொண்டு, என் மூலமாய்” மூன்றையும் தனியாக அடித்துப் பாருங்கள். அடித்த பிறகும் வாக்கியம் நின்றால் அது சாட்சி. விழுந்துவிட்டால் விளம்பரம்.

நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், நீளமில்லை. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிற நேரம். ஒரு வயதான அம்மா கையை மேலே தூக்கினார், பல நாளாகத் தூக்க முடியாத கை போலிருக்கிறது. ஜெபித்தவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேமராவைப் பார்த்தார். ஒரு விநாடிகூட இருக்காது. அப்புறம்தான் அம்மா பக்கம் திரும்பினார். பதிவில் அது அப்படியே கிடக்கிறது.

பலன்_பார்க்கிறவன்:
ஒரு விநாடிப் பார்வையை வைத்து ஒரு ஊழியக்காரரை எடைபோடுவதா? அந்த அம்மாவுக்குக் கை சுகமானதா இல்லையா? ஆத்துமாக்கள் வருகிறார்களா இல்லையா? கனியால்தான் மரம் தெரியும். பிலிப்பியர் 1-இல் பவுலே சொல்கிறார்: சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் பிரசங்கிக்கிறார்கள், எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, அதில் சந்தோஷப்படுகிறேன் என்று. நோக்கம் நூறு சதவீதம் சுத்தமாகட்டும் என்று காத்திருந்தால் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.

எழுத்தர்:
கடைசி வாக்கியம் சரி. மற்றதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பவுல் அங்கே பேசுவது தன் சிறைக் கட்டுகளோடு உபத்திரவத்தையும் கூட்ட நினைத்த மற்றவர்களைப்பற்றி. அவர்களால் தனக்கு நேர்ந்த வலியைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடுகிறார். தன் சொந்த நோக்கத்துக்கு அதைச் சலுகைச்சீட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் “ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல்” என்று அவரே எழுதுகிறார்.

பலனுக்கு வருவோம். எண்ணாகமம் 20. வனாந்தரத்தில் ஜனங்களுக்குத் தண்ணீர் இல்லை. கன்மலையைப் பார்த்துப் பேசு என்பது கட்டளை. மோசே கோலால் இரண்டுதரம் அடித்தார். அடிப்பதற்கு முன் சொன்னது: “உங்களுக்கு இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ”. நாங்கள்! நாம் என்றுகூட இல்லை. எபிரெயத்தில் இந்த வித்தியாசம் கிடையாது, தமிழில் எழுதினவர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும், சரியானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மோசே, ஆரோன் இரண்டு பேர் ஒரு பக்கம், தாகத்தோடு நிற்கிற சபை மறுபக்கம், தேவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். தண்ணீர் வந்தது. ஏராளமாய் வந்தது. சபையார் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. அன்றைக்கு அறிக்கை எழுதியிருந்தால் கூட்டம் மகா வெற்றி. அதற்கு அடுத்த வசனத்தில்தான், நீங்கள் இந்தச் சபையைத் தேசத்துக்குள் கொண்டுபோவதில்லை என்ற தீர்ப்பு. ஜனங்களின் தாகத்துக்காகத் தண்ணீர் வந்தது. அடித்தவரின் இருதயத்துக்கு அது நற்சான்றிதழ் ஆகாது. சுகமான கை அந்த அம்மாவுக்குக் கிடைத்த இரக்கம், அவ்வளவுதான்.

மாடிப்படி:
சண்டைக்கு நடுவில் வேறொன்று. “என் வாழ்க்கையில் தேவ நோக்கம்” என்று ஒரு வாலிபர் கூடுகை. சுவரில் எரேமியா 29:11. ஒவ்வொருவரும் அந்த வசனத்தில் தன் பெயரைப் போட்டு வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பையன் தன் பெயரோடு, தான் படிக்க விரும்பும் படிப்பின் பெயரையும் சேர்த்து வாசித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

“நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்பதில் “உங்கள்” மரியாதைக்குச் சொன்ன ஒருமை இல்லை. நம் வேதாகமத்தில் தேவன் ஒரு ஆளோடு பேசினால் நீ, உன் என்றுதான் வரும். இது பாபிலோனுக்குச் சிறைபோன ஒரு கூட்டத்துக்கு எழுதின கடிதம். முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கெடு. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். ஏழாம் வசனம், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. சிறைபிடித்தவர்களின் ஊர்! அதைச் சுவரில் மாட்ட ஆளில்லை.

அதே புஸ்தகத்தில் ஒருமையில் ஒரு வசனம் வேண்டுமானால் 45:5. “நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே.” எரேமியா சொல்லச்சொல்ல எழுதின பாருக்குக்கு வந்தது, யோயாக்கீமின் நாலாம் வருஷம். ஐந்தாம் வருஷத்தில் அந்தச் சுருளை மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க ராஜா சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பில் போட்டான். எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாருக்கு முழுவதையும் திரும்ப எழுதினான். அழைப்பு என்று பேச உட்காருகிறவர்கள் இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசித்துவிட்டு ஆரம்பித்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

வகுப்பு_அக்கா:
ஞாயிறு வகுப்பு. பல வருஷம் நடத்தின டீச்சர் புது டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், “ஒத்தாசைக்கு”. ஒரு பிள்ளை ஏதோ பதில் சொன்னது. உடனே அத்தனை பிள்ளைகளும் பின்னால் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், இல்லை என்று. போர்டில் சாக்பீஸ் அப்படியே நின்றது.

ஒப்படைப்பதில்தான் எல்லாம் வெளியே வரும், அதனால் முறையைச் சொல்கிறேன். முதல் நாலு வாரம் புதியவர் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த நாலு வாரம் புதியவர் நடத்த, பழையவர் இருக்கலாம், ஆனால் வகுப்பு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, முகமும் பேசக் கூடாது. அதற்குப்பின் மூன்று மாதம் பழையவர் அந்த நேரத்தில் அந்த அறைப்பக்கமே வரக்கூடாது. சாவி, வருகைப் பதிவேடு, பெற்றோரின் எண்கள், எந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்ற விவரம், நாலும் ஒரே நாளில் கைமாற வேண்டும். பதிவேட்டைக் கொடுத்துவிட்டுச் சாவியை வைத்துக்கொள்வது வழக்கமான தில்லுமுல்லு. எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் வாட்ஸ்அப் குழுவின் அட்மினை மட்டும் யாரும் விடுவதில்லை, கவனித்துப் பாருங்கள்.

பெற்றோர் பழைய பழக்கத்தில் பழையவரைத்தான் கூப்பிடுவார்கள். பதில் தெரிந்தாலும் சொல்லக் கூடாது, “புது டீச்சரைக் கேளுங்கள்” என்ற ஒரு வாக்கியம் போதும். ஒருதரம் பதில் சொல்லிவிட்டால் ஒப்படைத்தது ரத்து. கொஞ்ச நாளில் பெற்றோர் கூப்பிடுவது நின்றுபோகும். அப்போது வருகிற அந்த வெறுமைதான் கஷ்டமான கட்டம். “பிள்ளைகள் பாவம், நான் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன்” என்று கிளம்புவது அப்போதுதான்.

“அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” யோவான் 3:30, எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் பேச்சு எதில் ஆரம்பித்தது? 26-ஆம் வசனம். எல்லாரும் இயேசுவினிடத்தில் போகிறார்களே என்று யோவான் ஸ்நானகனிடம் அவருடைய சீஷர்கள் வந்து சொன்ன வருகைக் கணக்கு! நம்மிடம் இருந்த ஆட்கள் பக்கத்துச் சபைக்குப் போகிறார்கள் என்ற செய்தி வரும்போது அந்த வசனத்தை எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

பலன்_பார்க்கிறவன்:
அக்கா, ஒப்படைப்பது எப்படி என்று இங்கே யாரும் கேட்கவில்லை. :)

ஆனால் மோசே விஷயத்தில் எழுத்தர் ஐயா சொன்னது சரிதான். தண்ணீர் வந்ததை நான் அப்படி யோசித்ததில்லை. இருந்தாலும் வேறொரு பயம் இருக்கிறது. வினைமுற்றுக்குக் கோடு, முகத்துக்குக் காவல், இப்படித் தன்னையே தோண்டிக்கொண்டிருந்தால் அதுவும் ‘நான்’ புராணம்தானே? 1 கொரிந்தியர் 4-இல் பவுல், நான் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, என்னை விசாரிக்கிறவர் கர்த்தர் என்கிறார்.

மணிக்கூண்டு:
நியாயமான பயம். கத்தோலிக்க மரபில் இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) மடத்துத் துறவிகளுக்கு எழுதின சபை ஒழுங்கில் 57-ஆம் அதிகாரம் கைவினைஞர்களைப்பற்றியது. தன் திறமையால் மடத்துக்கு லாபம் வருகிறது என்று ஒருவர் பெருமை கொண்டால் அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட வேண்டும், தாழ்ந்தபின் தலைவர் சொன்னால் திரும்பலாம். வேலை நன்றாக நடக்கிறதே என்ற வாதம் அங்கே எடுபடாது. கடுமைதான். தன்னைத் தானே தோண்ட வேண்டாம், மற்றவர் பார்த்துச் சொல்லட்டும் என்பது அதிலுள்ள நன்மை.

தனியாகச் செய்வதற்கு, இயேசு சபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியாரின் ‘குறிப்பிட்ட ஆய்வு’. 1548-இல் திருத்தந்தை அங்கீகரித்த அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் வருகிறது. ஒரே ஒரு குறையை மட்டும் எடுக்க வேண்டும். “பெருமை” என்று பொதுவாக எடுத்தால் உருப்படாது, “பேச்சில் என் வேலையை இழுத்துவருவது” என்பதுபோல் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். நோட்டில் நாளுக்கு இரண்டு கோடு. காலையில் எழுந்ததும் தீர்மானம். மதிய உணவுக்குப்பின் மணிமணியாகப் பின்னோக்கிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் மேல்கோட்டில் ஒரு புள்ளி. இரவு உணவுக்குப்பின் கீழ்கோட்டில். இரண்டு கோட்டையும் ஒப்பிடுவது, நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை. அவ்வளவோடு மூடிவிட வேண்டும். மிச்ச நேரம் தோண்டுவதற்கு இல்லை, வேலைக்கு.

கடைசிவரிசை:
முதல் வாரம் புள்ளி கூடிக்கொண்டே போனால்?

மணிக்கூண்டு:
கூடும். அதுவரை எண்ணாததை எண்ண ஆரம்பித்ததால் கூடுகிறது. இஞ்ஞாசியார் வரைந்து காட்டின படத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கோடு பெரியது, திங்கள் கொஞ்சம் சிறியது, அப்படியே வாரக்கடைசி வரை குறையும். நோட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். நடுவில் விழுந்தால் உடனே செய்வதற்கு ஒன்று சொல்லியிருக்கிறார்: கையை மார்பில் வைத்து வருந்துவது. கூட்டத்துக்கு நடுவில் இருந்தாலும் செய்யலாம், என்ன செய்கிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.