காம்போடு ஒரு கத்திரிக்காய்

கப்பல் பட்டறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தூரிகையைக் கையில் எடுத்தேன். அளவுகோலுக்குப் பழகிய கை என்பதால் கோடு சுலபமாக வந்தது. வண்ணத்தை மட்டும் அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

பிந்தித் தொடங்குபவர்கள் காய்கனிகளையும் பாத்திரங்களையும் வைத்து வரையும் ஸ்டில் லைஃபிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். வெளியே அமர்ந்து வரைந்தால், சிங்கப்பூரில் ஏழு மணியளவில் விடிந்தபின் வெயில் விறுவிறுவென்று மேலேறி நிழல்களைச் சுருக்கிவிடும். சன்னலோரத்துக் காய்க்கு அந்த அவசரம் இல்லை.

ஒருமுறை தேக்கா சந்தையில் காம்பு நறுக்காத கத்திரிக்காய் கேட்டேன். "குழம்புக்கா அண்ணே?" என்றார் கடைக்கார அம்மா. படம் வரைய என்றதும், கூடையைத் துழாவி, முள்ளோடு பச்சைக் காம்பு வளைந்து நின்ற ஒன்றைத் தேடியெடுத்து, "இது பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு" என்று தந்தார். அன்று மாலை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோலில் கறுப்பே கிடையாது: சன்னல் பக்கம் வானத்தின் வெளிர்நீலம், அடியில் மேசைத் துணியின் செம்மை, நடுவில் மட்டும் அடர் ஊதா. அல்ட்ராமரின் நீலத்தில் அலிசரின் சிவப்பைக் கலந்தபோதுதான் அந்த ஊதா பிடிபட்டது.

நிலக்காட்சிக்குத் துணிந்து சிங்கப்பூர் ஆற்றோரம் போட் கீ கரையில் அமர்ந்தபோது, என்னைவிட மூத்த சீன ஓவியர் ஒருவர் அருகில் வந்து நின்றார். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லி, "முதலில் நிழலைப் போடு, வெளிச்சம் தாளிலேயே இருக்கிறது" என்று மலாயில் சொன்னார். நீர்வண்ணத்தைப் பற்றி இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே ஆற்றை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர்பெற்றவர் சிங்கப்பூர் ஓவியர் லிம் செங் ஹோ (1912–1979). அலுவலக வேலையை விடாமல், ஓய்வு நாட்களில் வரைந்தே அந்த உயரத்தை எட்டிய அவர், 1969இல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கம் உருவானபோது நிறுவிய உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார். வாய்ப்புக் கிடைத்தால் அவருடைய ஓவியங்களை நேரில் பாருங்கள். தண்ணீர் மின்னும் இடங்களில் வண்ணம் தீண்டாத வெறும் தாளை அப்படியே விட்டிருப்பார்.

இந்த ஊரின் ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய நேரமெடுக்கும். அதற்குள் அடுத்ததை வைத்தால் சேறாகிவிடும். தாளிலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த பருத்தித் தாள்களைக் காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன்.