மலைவீட்டுப் பழைய கேசட், புதுக் கம்ப்யூட்டர்: யாருக்கு என்ன ஆச்சு?

குன்னூர்:
கல்யாண விசிடி ஒன்று. புது லேப்டாப்பில் டிஸ்க் தெரியுது, படம் ஓடலை. எம்பெக்ஏவி ஃபோல்டரில் இருக்கும் .DAT ஃபைலை விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டதும் ஓடியது. சரியாகத் தாலி கட்டும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. காப்பி போட்டாலும் அதே இடத்தில் எரர். விசிடியில் படம் இருக்கும் செக்டர்களுக்கு (டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகளுக்கு), டேட்டா சிடியில் இருப்பதுபோல் கூடுதல் பிழைதிருத்தம் கிடையாது. சின்னக் கீறல்கூட அப்படியே தெரியும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, வேறு டிரைவில் போட்டதும் அந்த இடம் வந்தது. வட்டமாகத் துடைக்காதீங்க.

ஊட்டி:
விசிடியாவது பரவாயில்லை. ஆடிச் சாரலை இருபது வருஷம் பார்த்த விஎச்எஸ் கேசட்: ஜன்னல் வழியே பார்த்தால் சுருள்மேல் திருநீறு தூவின மாதிரி பூஞ்சணம். அதை அப்படியே டெக்கில் (விசிஆர், கேசட் ஓட்டும் கருவி) போட்டாச்சு. இரண்டே நிமிஷம், படம் முழுக்கப் புள்ளி. ஆனால் நாதஸ்வரம் மட்டும் தெளிவாகக் கேட்குது! ஒலிக்குத் தனி ஹெட் (டேப்பைப் படிக்கும் பாகம்), அது அடைக்கலை. அடுத்துப் போட்ட நல்ல கேசட்டுக்கும் பூஞ்சணம் ஒட்டியதுதான் கொடுமை.

கோத்தகிரி:
ஹேர் டிரையர் காட்டினால் ஈரம் போயிடுமே?

கொடைக்கானல்:
கோத்தகிரி சார், வேண்டவே வேண்டாம். சூட்டில் டேப் நெளிந்தால் பிறகு நிமிராது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் கெட்ட கேசட்டுக்குச் செய்வது இதுதான். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் வைங்க. பூஞ்சணம் காய்ந்து பொடியானதும், முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, கேசட்டின் ஐந்து ஸ்குரூவையும் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்க. பிறகு, போனால் போகட்டும் என்ற பழைய டெக்கில் ஒருமுறை முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்றுங்க.

ஊட்டி நண்பரே, உங்க டெக் கெடலை, ஹெட் அடைத்திருக்கு. பிளக்கைப் பிடுங்கிட்டு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துணியை டிரம்மில் (பட ஹெட் பதித்த சுழலும் உருளை) அசையாமல் பிடித்து, டிரம்மை மட்டும் கையால் சுற்றுங்க. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடியும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, நார் மாட்டி இழுக்கும். மார்கழிக் குளிரில் கிடந்த டெக்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் நாலு மணி நேரம் சும்மா விடுங்க. டிரம்மில் வேர்த்திருந்தால் டேப் ஒட்டிக்கொண்டு சுருண்டுவிடும்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது PAL முறை (நம்ம ஊர் டிவி முறை), 720க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம். கை ஆடும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வந்தால் கேசட் பழுது இல்லை. விஎல்சியில் டீஇன்டர்லேஸ் (Deinterlace) வசதியைப் போட்டால் போயிடும். படத்தின் அடி ஓரத்தில் நெளியும் சில வரிகளும் விஎச்எஸ்ஸின் இயல்புதான். கடைசியாக விசிஆர் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016-லேயே நிறுத்திட்டாங்க, இருக்கிற டெக்கைக் காப்பாத்துங்க.

கூடலூர்:
மினிடிவி (MiniDV, கையடக்க வீடியோ கேமராவின் சின்ன டேப்) பற்றி யாரும் சொல்லலை. கேமராவின் யூஎஸ்பியில் எடுத்த படம் தபால்தலை அளவுக்கு, மங்கலாக வந்தது. ஃபயர்வயர் என்ற தனிக் கேபிளில் எடுத்தால்தான் டேப்பில் உள்ளது அப்படியே வரும், ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 13 ஜிபி. புது லேப்டாப்பில் அந்தத் துளை இல்லை. ஃபயர்வயர் கார்டு செருகின பழைய டெஸ்க்டாப்பில் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் மாற்றுங்க.