பிரிட்டனில் இருப்பவர்கள்: கரண்ட், கேஸ் பில் கட்டுகிற விதத்தால் நீங்கள் பட்ட அனுபவம் என்ன?

மீனா_ஈஸ்ட்ஹாம்
வாடகைக்கு வந்த வீட்டில் சாவி மீட்டர், முதலில் சாவியில் பணம் ஏற்றினால்தான் கரண்ட் வரும். சமையலறை இழுப்பறையில் சாவி இருக்கிறது, கடையில் டாப் அப் செய்துகொள்ளுங்கள் என்றார் வீட்டுக்காரர். அப்படியே செய்தோம். 20 பவுண்ட் போட்டால் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குளிர்காலம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஹீட்டரை அணை, அணை என்று மகளை விரட்டிக்கொண்டே இருந்தேன். குழந்தை கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது.

நான்காவது மாதம் ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் மீட்டரின் நீல பொத்தானை ஒவ்வொரு தடவையாக அமுக்கிப் பார்த்தேன். மீதி, யூனிட் ரேட், தினக் கட்டணம்... அதற்கடுத்து ஒரு திரை: கடன் 212.40. இன்னொரு அமுக்கு: வாரப் பிடித்தம் 7.50. எங்களுக்கு ஏது கடன்? முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கி. நாங்கள் போட்ட ஒவ்வொரு 20 பவுண்டிலிருந்தும் அது போய்க்கொண்டிருந்தது.

வாடகை ஒப்பந்தத்தை அனுப்பிய பிறகுதான் கம்பெனி புதுச் சாவி அனுப்பியது. பிடித்த பணம் திரும்ப வர ஆறு வாரம் ஆனது. பணம் வந்துவிட்டது, சரி. ஆனால் மகள் போட்டிருந்த அந்தக் கோட் இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை.

குமரன்77
அக்கா, உங்களுக்குக் கடன். எங்களுக்குக் கடனே இல்லாமல் அதே கதி. கேஸ் கார்ட் மீட்டர். மே மாதத்தோடு ஹீட்டிங்கை நிறுத்திவிட்டோம், சமையல் கரண்ட் அடுப்பில். கேஸ் எரியவில்லை, எதற்கு டாப் அப் என்று விட்டுவிட்டோம். அக்டோபரில் முதல் குளிர் வந்த இரவு 30 பவுண்ட் போட்டுவிட்டு வந்து கார்டைச் செருகினேன். பாய்லர் பற்றவில்லை. திரையில் மீதி என்று ஒன்றுமே இல்லை.

எரித்தாலும் எரிக்காவிட்டாலும் தினக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்குமாம். நாளுக்கு ஏறக்குறைய 30 பென்ஸ், 150 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 45 பவுண்ட். மூன்று மாதக் கைக்குழந்தையோடு அந்த இரவு மச்சான் வீட்டுக்குப் போனோம். முன்பணம் போட்டுக் கட்டுகிற இந்த ப்ரீபேமெண்ட் என்பதே ஏழைகளிடம் கூடுதலாகப் பிடுங்குகிற ஏற்பாடு. அதில் இருக்கிறவன்தான் எப்போதும் அதிக விலை கொடுக்கிறான்.

ஹாரோ_சிவா
தம்பி, உங்கள் இரவு கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரி இப்போது சரியில்லை. ப்ரீபேமெண்ட்தான் அதிக விலை, பில் வந்த பிறகு கட்டுவது மலிவு என்ற பழைய எண்ணத்தால் எங்கள் மாமாவுக்கு நஷ்டம் நடந்துகொண்டே இருப்பதால் சொல்கிறேன்.

ப்ரீபேமெண்ட்காரர்கள் பல வருடம் கூடுதலாகக் கட்டியது உண்மை. 2023 ஜூலையில் அரசாங்கம் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டியது. 2024 ஏப்ரலிலிருந்து தினக் கட்டணத்தை டைரக்ட் டெபிட்காரர்களுக்கு, அதாவது பாங்க் கணக்கிலிருந்து கம்பெனியே எடுத்துக்கொள்ள விடுகிறவர்களுக்குச் சமமாக்கிவிட்டது கரண்ட், கேஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம். அது வைத்த 2024 அக்டோபர் விலை உச்சவரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வீட்டுக்கு டைரக்ட் டெபிட் என்றால் வருடத்துக்கு 1,717 பவுண்ட். ப்ரீபேமெண்ட் அதைவிடக் கொஞ்சம் குறைவு, சுமார் 1,670. பில் வந்த பிறகு கட்டுகிறவர்களுக்குத்தான் சுமார் 1,830.

எங்கள் மாமா அந்த மூன்றாவது ரகம். 40 வருடமாக இங்கே இருக்கிறார். பில் வந்த மறுநாளே தபால் நிலையத்துக்கு நடந்து போய்க் கட்டிவிட்டு, ரசீதை பிஸ்கட் டின்னில் அடுக்கி வைப்பார். ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. போன தீபாவளிக்குப் போனபோது அவர் பில்லையும் என் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே கம்பெனி, ஒரே திட்டம். யூனிட் ரேட்டும் தினக் கட்டணமும் அவருக்குக் கூடுதல். "நான் ஒருநாளும் பாக்கி வைக்கவில்லையே, எனக்கு ஏன் அதிகம்?" என்று கேட்டார். பில் அனுப்பிக் காத்திருக்கிற செலவும், கட்டாமல் விடுகிறவர்களால் வருகிற நஷ்டமும் அந்த முறையில் கட்டுகிற எல்லார் தலையிலும் விழுகிறது, அவ்வளவுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? டின்னை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

குமரன்77
அண்ணா, அட்டவணையில் குறைவு என்கிறீர்கள், சரி. ஆனால் உங்கள் மாமா வீட்டில் பாய்லர் நிற்கவில்லையே. நான் விலையைச் சொல்லவில்லை, அணைந்துபோவதைச் சொல்கிறேன்.

ஹாரோ_சிவா
அது நியாயம். "அதிக விலை" என்று நீங்கள் எழுதியதற்குத்தான் பதில் சொன்னேன்.

ரீடிங்_பாலா
எனக்கு டைரக்ட் டெபிட்டில் அடி. மாதம் 95 பவுண்ட் போய்க்கொண்டிருந்தது. சம்பளம் வந்த காலை, பஸ் ஸ்டாப்பில் நின்று பாங்க் ஆப்பைத் திறந்தால் 214 எடுத்திருக்கிறார்கள். அறிவிப்பு மின்னஞ்சல் வேண்டாத அஞ்சல்களுக்கு நடுவே கிடந்தது. காரணம், ஏழு மாதமாக அவர்கள் பில் போட்டது ஊகக் கணக்கில். மீட்டரைப் பார்த்தால் அவர்கள் எழுதிய எண்ணைவிட உண்மை எண் 900 யூனிட் குறைவு.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். பில்லில் எண்ணுக்குப் பக்கத்தில் "எஸ்டிமேட்டட்" (ஊகம்) என்று இருந்தால் அன்றைக்கே மீட்டரைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாதத் தவணை என்பது வருடச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்தது. கோடையில் பணம் சேரும், குளிர்காலத்தில் அது கரையும். ஆகவே அக்டோபரில் கணக்கில் 200 பவுண்ட் சேர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். குளிர் முடிந்த பிறகும் அதே அளவு நின்றால் அது உங்கள் பணம், கேட்டு வாங்குங்கள். நிலையான தொகை பிடிக்காதவர்கள் அந்தந்த மாதம் எரித்ததற்கு மட்டும் எடுக்கிற டைரக்ட் டெபிட் உண்டா என்று கேளுங்கள். பல கம்பெனிகளில் உண்டு, அதற்கும் டைரக்ட் டெபிட் ரேட்தான். சிவா அண்ணா, பாங்க் கணக்கில் கை வைத்துவிடுவார்களோ என்று உங்கள் மாமா பயந்தால், அவருக்கும் இது ஒத்துவரும். தவறாக எடுத்தால் பாங்கே திருப்பிக் கொடுக்கும், அந்த உத்தரவாதம் டைரக்ட் டெபிட்டுக்கு இருக்கிறது. அப்புறம், கம்பெனியின் தவறால் பில் போடாமல் விட்ட கரண்டுக்கு 12 மாதத்துக்கு முந்தியதைக் கேட்க முடியாது. 2018இலிருந்து விதி.

மீனா அக்கா, உங்களுக்கும் ஒன்று. பில் உங்கள் பெயரில் என்றால் சாவி மீட்டரை மாற்றித் தரச் சொல்லி நீங்களே கம்பெனியைக் கேட்கலாம். வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கம்பெனியோடு தானாகத் தொடர்பில் இருக்கிற ஸ்மார்ட் மீட்டர் என்றால் ஆள் வரவே வேண்டாம், கம்பெனியிலிருந்தே மாற்றுவார்கள். இதிலும் கவனம்: அதே வழியில் அவர்கள் சாதாரண மீட்டரை ப்ரீபேமெண்டாகவும் மாற்ற முடியும். கட்டாயமாக மாற்றியது பெரிய பிரச்சினையாகி 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்கள். இப்போது கட்டுப்பாடுகளோடு மறுபடி அனுமதி உண்டு. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் மாதிரி கரண்டை நம்பியிருப்பவர்கள் இருந்தால் கம்பெனியிடம் இப்போதே பதிவு செய்து வையுங்கள்.

மீனா_ஈஸ்ட்ஹாம்
நன்றி பாலா. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று பார்க்கிற கிரெடிட் செக் என்றார்கள். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, எனக்கு எங்கே கிரெடிட் வரலாறு? ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேல் அறைக்குப் போன வாரம் ஒரு தம்பி குடிவந்திருக்கிறார், அவருக்குத் தனி மீட்டர். இழுப்பறையிலிருந்து சாவியை எடுக்கும்போதே தடுத்து, முதலில் கம்பெனிக்கு போன் செய்ய வைத்தேன். அதிலும் பழைய கடன் இருந்தது.

வித்யா_லூட்டன்
படித்ததும் அம்மா வீடு நினைவுக்கு வந்தது. 2022 அக்டோபரிலிருந்து எல்லார் வீட்டுக்கும் கரண்ட் பில்லுக்காக அரசாங்கம் 400 பவுண்ட் கொடுத்ததே, டைரக்ட் டெபிட்காரர்களுக்கு அது தானாக வந்து சேர்ந்தது. எனக்கும் வந்தது. அதனால் அம்மாவுக்கும் வந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். பழைய சாவி மீட்டருக்கு மாதாமாதம் தபாலில் வவுச்சர், அதைக் கடைக்கோ தபால் நிலையத்துக்கோ எடுத்துப்போய்ச் சாவியில் ஏற்ற வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா ஒரே அறையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு இருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

2023 ஜூலையில் ஹால் மேசையைச் சுத்தம் செய்தபோது பீட்சா கடை விளம்பரத் தாள்களுக்கு நடுவே நான்கு உறைகள் கிடைத்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. நான்கிலும் 67 பவுண்ட். கடைசித் தேதி ஜூன் 30. கம்பெனி, ஹெல்ப்லைன் எல்லாவற்றுக்கும் போன் செய்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. "முக்கியமான கடிதமா?" என்று அம்மா பக்கத்தில் நின்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உறைகளை இன்னும் தூக்கிப் போடவில்லை, என் பையிலேயே இருக்கின்றன.