பெரிய டயர் போட்டோம், வண்டியை உயர்த்தினோம்: எங்கெங்கே உரசியது

சமதளத்தில் நிற்கும் வண்டியின் வீல் ஆர்ச்சுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். டயருக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடம் தாராளமாக இருந்தது. சரி, பெரிய டயர் போடலாம் என்று அந்த நான்கு விரலை நம்பித்தான் முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் நடந்ததை எழுதுகிறேன். இதே யோசனையில் இருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் படித்தால் போதும்.

என் ஃபோர் வீல் வண்டிக்கு முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டி அச்சு; நான்கு பக்கமும் சுருள் வடிவ காயில் ஸ்பிரிங். கூடவே வந்த டயர் 235/75R15. அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் அதில் 75 சதவீதம், அதாவது 176 மி.மீ. மேலும் கீழும் அதைச் சேர்த்து 15 அங்குல ரிம்மையும் கூட்டினால் விட்டம் சுமார் 733 மி.மீ. வரும். நான் போட்டது 31x10.5R15, அதாவது 31 அங்குல விட்டம், 10.5 அங்குல அகலம். பெயரளவில் 787 மி.மீ. வித்தியாசம் 54 மி.மீ. என்றாலும் டிஃபரன்ஷியலுக்கு (ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) அடியில் கூடுவது அதில் பாதிதான், 27 மி.மீ. சாலிட் ஆக்ஸில் வண்டியில் ஆக்ஸிலைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. ஸ்பிரிங்கை எவ்வளவு நீளமாக்கினாலும் உயர்வது பாடிதான், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உயரத்தைப் பற்றி யோசித்த அளவுக்கு அகலத்தை நான் யோசிக்கவில்லை. 10.5 அங்குல டயர் பழைய 6 அங்குல ரிம்மில் ஒழுங்காக உட்காராது, குறைந்தது 7 வேண்டும். புதிய ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் தள்ளியிருக்கும் தூரம்) வேறாக இருந்ததால் சக்கரம் முழுவதுமே வெளியே தள்ளி நின்றது. பார்க்க மிடுக்காக இருந்தது. ஆனால் வெளியே தள்ளிய சக்கரம் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது பெரிய வட்டத்தில் சுற்றுகிறது. முன்னே பம்பரின் மூலை, பின்னே வீல் ஆர்ச்சின் கீழ் விளிம்பு, இரண்டையும் எட்டிவிடுகிறது.

சாதாரண சாலையில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது வாரம் பாறைத் தடம் ஒன்றில் லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போகும் கியர் நிலை) ஏறிக்கொண்டிருந்தேன். இடது முன்சக்கரம் பாறை மேல் ஏறி முழுவதும் உள்ளே அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன். 'கர்ர்' என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் வாசனை. இறங்கிப் பார்த்தால் டயரின் தோள்கட்டைகள் (ஓரத்து ரப்பர் கட்டைகள்) உள்பக்க பிளாஸ்டிக் லைனரைக் கிழித்து, அதற்குப் பின்னால் ஓடும் ஏபிஎஸ் சென்சார் ஒயரின் மேலுறையை உரித்திருந்தன. பிரேக் ஹோஸ் அங்கிருந்து இரண்டு விரல் தூரம். இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

உயர்த்தினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். 50 மி.மீ. லிஃப்ட் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பரும் போட்டேன். அதே தடத்துக்குப் போய் அதே பாறையில் ஏறினேன். அதே இடத்தில் மறுபடியும் உரசியது.

காரணம் புரிய எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. லிஃப்ட் ஸ்பிரிங் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை. முழுக்க அமுங்கும்போது ஆக்ஸிலை நிறுத்துவது ஸ்பிரிங் அல்ல, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு. அது பழைய இடத்திலேயே இருந்தால் சக்கரமும் பழையபடி அதே உயரம்வரை மேலே போகும். அதிகம் எழுதப்படாத விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் 25 மி.மீ. துண்டு வைத்து, பின் விளிம்பில் கொஞ்சம் வெட்டி மடக்கிய பிறகுதான் உரசல் நின்றது. அமுங்கும் தூரத்தில் 25 மி.மீ. போனது. அதை மனதார விட்டுக்கொடுத்தேன்.

லிஃப்ட் தன் பங்குக்குச் சில வேலைகளையும் கொண்டுவந்தது. நெடுஞ்சாலையில் வண்டி அலைந்தது. ஸ்டியரிங்கை விட்டால் நேருக்குத் திரும்பி வரவில்லை. 50 மி.மீ. உயர்ந்ததில் முன் ஆக்ஸில் சுழன்று கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் சுழலும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) 3 டிகிரியிலிருந்து 1 டிகிரிக்கும் கீழே இறங்கியிருந்தது. கேஸ்டர் சரிசெய்யும் புஷ் (இணைப்பில் போடும் ரப்பர் உருளை) போட்டதும் பழையபடி ஆனது. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ராட் சாய்ந்ததால் ஆக்ஸில் ஒரு பக்கம் 7 மி.மீ. நகர்ந்திருந்தது, நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டு அதையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடித்தது, அதையும் இறக்கினேன்.

பிரேக் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் பிரேக் போட்டால் மூக்கு ரொம்பவும் கவிழ்ந்தது. சரளைக் கல்லில் முன்சக்கரம் சீக்கிரமே லாக் ஆனது. டயர் கனம்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். பின் ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சிறிய கம்பியோடு இருக்கும் வால்வை ஒரு மூத்த மெக்கானிக்தான் காட்டினார். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம், காலியாக இருந்து உயர்ந்து நின்றால் குறைந்த அழுத்தம் என்று பிரித்துக் கொடுக்கும் வால்வு அது. நான் 50 மி.மீ. தூக்கியதால் வண்டி எப்போதும் காலி என்றே அதற்குப் பட்டிருக்கிறது. பொருட்கள் ஏற்றிய நாளிலும் பின் பிரேக்குக்குக் குறைவாகவே கொடுத்திருக்கிறது. கம்பியின் பிராக்கெட்டை உயர்வுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்ததும் வித்தியாசம் காலிலேயே தெரிந்தது. உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று தயவுசெய்து குனிந்து பாருங்கள். அதை மட்டும் நீங்களே உத்தேசமாகத் திருக வேண்டாம்.

* * *

அண்ணா, படித்ததும் என் வண்டி நினைவு வந்தது. எனக்கு முன்பக்கம் டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) போட்ட இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது இரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். இதில் டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்தே நிற்பதால் உயர்த்தினால் அதுவும் உயரும். அந்த வகையில் உங்களைவிட எனக்கு லாபம் என்று நினைத்தேன். பொருளும் வாங்க வேண்டியதில்லை, இரண்டு போல்ட்டைத் திருகினால் போதும். 40 மி.மீ. ஏற்றிவிட்டேன்.

மறுநாளே சின்னப் பள்ளத்தில்கூட 'டொக்' என்று சத்தம் வந்தது. டோர்ஷன் பார் கடினமாகிவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். அது உண்மையில்லை. போல்ட்டைத் திருகினால் பாரின் கடினம் மாறாது, நிற்கும் இடம்தான் மாறும். சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த தூரத்தை நான் முன்கூட்டியே செலவழித்துவிட்டேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கப் பார்க்கும், இறங்க இடமில்லாமல் மேல் ஆர்ம் ஸ்டாப்பில் போய் மோதும். அந்த மோதல்தான் சத்தம்.

நான்கே மாதத்தில் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் இடது பக்க சி.வி. ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்தது. எப்போதும் அதிகக் கோணத்தில் சாய்ந்தே சுற்றியதால் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்துவிட்டன. ரிம்மின் உள்பக்கம் முழுக்க கிரீஸ். இப்போது 20 மி.மீ.க்கு இறக்கி அலைன்மென்ட் செய்து ஓட்டுகிறேன். டயரையும் ஒரு அளவு குறைத்துக்கொண்டேன். தடத்தில் முன்பைவிட நன்றாகப் போகிறது, ஏனென்றால் சக்கரம் தரையை விடுவதில்லை.

* * *

எங்கள் வீட்டு வண்டி பழைய லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான பட்டை) வகை. கணவரும் நானும் சேர்ந்தே ஸ்பிரிங் கட்டுகளை மாற்றினோம். எங்களுக்கு வந்த பிரச்சினை ஒன்றே ஒன்று: உயர்த்திய பிறகு வண்டி மரக்கட்டை போல் குதித்தது, ஒரு வருடத்துக்குள் புஷ் எல்லாம் பிய்ந்தது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸியோடு இணைக்கும் தகடு) போல்ட்டுகளை முழுக்க முறுக்கியிருந்தோம். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. வண்டியைக் கீழே இறக்கியதும் அது முறுக்கிய நிலையிலேயே வாழ வேண்டியிருக்கிறது. இரண்டாவது முறை லேசாக மாட்டி, தரையில் இறக்கி, கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு, எடை சக்கரத்தில் இருக்கும்போது முறுக்கினோம். அந்தப் புஷ்தான் இன்றுவரை ஓடுகிறது.

அப்புறம், உயரத்தை அளப்பவர்கள் தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று குறைந்தால் அளவு மாறிவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்புவரை அளந்தால் நான்கு பக்கமும் சரியாக ஒப்பிடலாம்.

அண்ணாவிடம் ஒரு கேள்வி: டயர் வாங்கும் முன்பே உரசுமா என்று பார்க்க வழி உண்டா?

* * *

உண்டு சகோதரி. நான் கடைசியில் செய்ததை முதலில் செய்திருக்க வேண்டும். தெரிந்தவரிடம் அதே அளவு டயர் ஒன்றை மட்டும் இரவல் வாங்குங்கள். சேஸியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷாக்கை மட்டும் மாட்டி, ஆக்ஸிலை ஜாக்கியால் மெதுவாக மேலே ஏற்றுங்கள். பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் முடிந்துவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி முடிந்தால் ஒவ்வொரு பள்ளமும் ஷாக்கின் உள்ளேதான் இடிக்கும். பிறகு டயரை மாட்டி, ஒரு பக்கம் மட்டும் ஏற்றி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்புங்கள். எங்கே தொடுகிறதோ அங்கே சாக்பீஸால் குறியிடுங்கள். தொங்கும் பக்கத்தில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அரை நாள் வேலைதான்.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த டயரில் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது ஜிபிஎஸ் 86 காட்டுகிறது. என்ஜினுக்கு ஆக்ஸிலின் 4.10 பல்சக்கர விகிதம் 3.82 போல ஆகிவிட்டது. ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே போகிறேன். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும், ஃபோர் வீலில் போகும்போது அளவு மாறினால் முன்பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிவிடும். அதை வாங்கிப் பின்கதவில் மாட்டியதும் கதவு தொங்கத் தொடங்கியது. கீல் தாங்கவில்லை. வரும் ஞாயிறு பம்பரோடு சேர்ந்த தனித் தாங்கி பொருத்தப் போகிறேன். பின் ஆக்ஸிலையும் ஜாக்கியில் ஏற்றி அளக்கவில்லை, அன்றைக்கே அதையும் அளந்து எழுதுகிறேன்.