புதுப்பிப்பு: முதல் கோட்டில் எழுதாத மைப்பேனா

தாளில் வைத்ததும் முதல் கோடு விழாமல், பிறகு சீராக ஓடும் பேனாவைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

பலரும் சொன்னபடி, ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து அலசியும் பயனில்லை. (கொதிநீர் வேண்டவே வேண்டாம், நிப்புக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் கட்டை வளைந்துவிடும்.)

10 மடங்கு லென்ஸில் பார்த்தால், நிப்பின் நடுப்பிளவுக்கு இருபுறமும் உள்ள இரு பற்களும் ஒரே மட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பிளவின் உள்விளிம்புகள் அளவுக்கு மீறி மழுங்கியிருப்பதால், மை தாளைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிடுகிறது.

தீர்வு: 3 மைக்ரான் லேப்பிங் ஃபிலிமில் (மிக நுண்ணிய உப்புத்தாள் போன்ற மெருகுத் தாள்), மை நிரப்பியபடி, துளியும் அழுத்தாமல் நிப்பு முனையை எட்டு வடிவில் ஐந்தாறு சுற்று தேய்க்க வேண்டும். உடனே எழுதிப் பாருங்கள். சரியானதும் 1 மைக்ரானில் லேசாக மெருகு. முனையில் தேய்ந்த உலோகம் திரும்ப வராது, அவசரப்படாதீர்கள்.